மல்லாட்டை தின்றால் வயசு ஏறாதா?

‘வயதைத் தள்ளிப்போடும் உணவு’ பற்றி எழுதச் சொன்னார் ஆசிரியர். விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டையில் போய் இறங்கினேன். இளமை காக்கும் என்று சிவப்பு ஒயினால் புகழ்பெற்ற ரெஸ்வெரட்ரால் என்ற சத்து மல்லாட்டையிலும் இருக்கிறதே! (இங்கே போய் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும்.)

“காலையில புடுங்கி அவிச்சது, கடிச்சுப் பாருங்க” என்றார் கூடைக்கார அம்மா. கடித்ததும் உப்புத் தண்ணீர் சட்டையில் பீய்ச்சியது. பச்சையைவிட அவித்ததில்தான் ரெஸ்வெரட்ரால் அதிகம். அதிகம் என்றாலும், 180 கிராமுக்கு ஒன்றேகால் மில்லிகிராம் கிடைத்தாலே பெரிது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில் தினசரி அளவு 150 மில்லிகிராம். அதற்கு இருபது கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் ஆயுளைக் கூட்டியதாக 2006இல் செய்தி வந்தது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்குக் கூட்டவில்லை. இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில் 65 வயது தாண்டிய 783 பேரை 9 ஆண்டுகள் கவனித்தார்கள். உணவு வழியாக இது உடம்பில் கூடச் சேர்ந்தவர், குறையச் சேர்ந்தவர் என்று சாவு பேதம் பார்க்கவில்லை. கொட்டை வகைகளைத் தவறாமல் தின்பவர்களுக்கு ஆயுள் கெட்டி என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. செடி ரெஸ்வெரட்ராலை நமக்காகச் செய்யவில்லை. பூஞ்சையோடு சண்டை போடச் செய்கிறது. காய் முற்றும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அந்தத் தெம்பு போய்விடும். பூஞ்சை ஏறி அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை வைக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றுதான். மனிதருக்கு அது ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாக அழியாது.

ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும் வரை காயவைப்பது பழைய கணக்கு. அப்படிக் காய்ந்ததையே, மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று தண்ணீர் தெளித்து நனைக்கிறார்கள். எடையும் நிற்கும், பூஞ்சையும் நிற்கும். இளமைக்கு மாத்திரை தேடுகிறவர்கள் இந்த ஈர மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

செக்கெண்ணெய் ஆட்டக் கொடுப்பவர்களே, கொடுப்பதற்கு முன் பருப்பை முறத்தில் கொட்டுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பொடி படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், அந்த நஞ்சு பால் வழியாக நம்மிடமே திரும்பி வரும்.