இடமிருந்து வலமாக

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது தங்கள் முகத்தை. அடுத்து, படத்துக்குக் கீழே தங்கள் பெயரை. கட்டுரையெல்லாம் பிறகுதான். அதனால் மலர்க் குழுவில் படக்குறிப்பு எழுதுபவரின் வேலையே மிகப் பொறுப்பான வேலை என்பேன்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில், சுரிபாச்சி மலை உச்சியில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடி நாட்டுவதை அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் படமெடுத்தார். புலிட்சர் பரிசு பெற்ற படம் அது. போர்க்களத்தில் அவர் யார் பெயரையும் குறித்துக்கொள்ளவில்லை. பின்னால் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று 1947இலும், இன்னொன்று 2016இலும், மற்றொன்று 2019இலும் திருத்தப்பட்டன. ஆறில் மூன்று தவறு! படத்தில் உண்மையில் இருந்த ஹரால்ட் ஷூல்ட்ஸ், ஹரால்ட் கெல்லர் இருவரும் தங்களுக்குரிய அடையாளம் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

பள்ளி மைதானத்தில் குண்டு பாய்வதில்லை. படம் எடுத்த கையோடு பெயர், இனிஷியல், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் இனிஷியல்தான் ஆளைக் காட்டும். குழுப் படமென்றால் ‘அமர்ந்திருப்போர்’, ‘நிற்போர்’ என்று வரிசை பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கொடுங்கள். வராதவர் பெயர் பழைய பட்டியலிலிருந்து நுழைந்துவிட்டால் அதற்குப் பின் வரும் அத்தனை பேரும் ஒரு இடம் தள்ளிப்போவார்கள்.

அடுத்தது, படம் சொல்லாததைச் சொல்வது. ‘விளையாட்டு விழாவில் மாணவி ஓடியபோது எடுத்த படம்’ என்றால் யாருக்கு என்ன லாபம்? ஓடுவதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. ‘4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்துக்காக பேட்டனை வாங்கும் பத்தாம் வகுப்பு மாணவி. அப்போது மூன்றாவதாக இருந்த அணி, முதலாவதாக முடித்தது’ என்று அவர் பெயரோடு எழுதிப் பாருங்கள். இரண்டே வாக்கியம், வாசகர் மறுபடியும் அந்தக் கையைப் பார்ப்பார். ‘மகிழ்ச்சியில் திளைத்தார்’ போன்ற ஊகம் வேண்டாம். அவரையே கேட்டு, சொன்னதை எழுதுங்கள். கேலியாக ஒரு வரி எழுதத் தோன்றினால் அதையும் அடித்துவிடுங்கள். அந்த மலர் அவர்கள் வீட்டில் பல வருஷம் இருக்கப்போகிறது.

அச்சுக்கு அனுப்புமுன் மெய்ப்பை ஒவ்வொரு வகுப்புக்கும் எடுத்துப்போய், அவரவர் பெயரை அவரவரே பார்க்கச் செய்யுங்கள். கடைசி வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கும் பையனிடமும் காட்டுங்கள்.