சுரண்டும் முன் வகிடெடுத்துப் பாருங்கள்

அவிநாசிக்கு வடக்கே புளியம்பட்டி போகும் சாலையில் இருக்கும் சேவூர், வாலீஸ்வரர் கோயிலுக்கும் நிலக்கடலை ஏலத்துக்கும் பெயர் பெற்ற ஊர். இப்போது அதன் காலைப்பொழுது பனியன் கம்பெனி வேன்களின் ஹாரனோடு விடிகிறது. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் ஊர்களில் பியூட்டி பார்லர் முளைக்க அதிக நாள் ஆவதில்லை. பெருநகர சலூன்களின் விலைப்பட்டியலில் ஏறிய ஒரு சொல் அந்தப் பார்லர்களின் கண்ணாடிக் கதவுக்கு வந்து சேரவும் அதிக நாள் ஆவதில்லை. புருவம் திருத்துவதும் ஹேர் ஸ்பாவும் பழகிப்போன பிறகு வரும் அடுத்த சொல் ‘ஸ்கால்ப் ஸ்கிரப்’. சில இடங்களில் ‘ஸ்கால்ப் டீடாக்ஸ்’ என்றும் எழுதுகிறார்கள். தலைச்சருமத்தில் படிந்த செதில், எண்ணெய்ப் பிசுக்கு, பழைய ஜெல், ஸ்பிரே எல்லாவற்றையும் அமிலம் கலந்த திரவத்தாலோ பொடியாலோ தளர்த்தி எடுத்துக் கழுவும் வேலை அது. கடையில் இதை வைக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் கொடுக்கும் காசுக்கு உண்மையில் பெறுமானமுள்ள பகுதி, தேய்ப்பதற்கு முன்னால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்தான். அதை விட்டுவிட்டுத் தேய்க்க மட்டும் கற்றுக்கொண்ட கடை, பாதி வேலையை முழு விலைக்கு விற்கிறது.

தோல் தன் வேலையைத் தானே பார்க்கும்

மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கீழே பிறந்த செல் மேலே ஏறி, காய்ந்து, தனித்தனியாக உதிர்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பொடுகு என்பது இந்த ஓட்டம் வேகமெடுத்து, செல்கள் சரியாக முதிராமல் கொத்துக் கொத்தாக விழுவது. ஆகவே நல்ல தலைக்கு ஸ்கிரப் அவசியமில்லை. அது செய்ய வேண்டியதைத் தோல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பொடுகுத் தலையில் வேகம் ஏன் கூடுகிறது என்பதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. 1874-லேயே பிரெஞ்சு மருத்துவர் மலாசே இந்தச் செதில்களில் ஒரு நுண்பூஞ்சையைக் கண்டு எழுதினார். இன்று அதற்கு அவர் பெயரால் மலாசேசியா என்றே பெயர். நம் எல்லோர் தலையிலும் அது குடியிருக்கிறது. 2007-ல் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்கும் வசதி அதற்கு இல்லை என்பது தெரிந்தது. அதனால் நம் தலையில் சுரக்கும் எண்ணெயைத் தின்கிறது. தின்றபின் ஓலியிக் அமிலத்தை மிச்சம் வைக்கிறது. அந்த அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அங்கே அரிப்பும் அவசர உதிர்வும் தொடங்குகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். சுரண்டினால் போவது செதில். செதிலை உண்டாக்கிய சங்கதி அங்கேயே இருக்கும். பார்லரிலிருந்து எழுந்து வரும்போது தலை இலேசாக இருப்பதும், பத்தாம் நாள் தோள்பட்டையில் மறுபடி மாவு கொட்டுவதும் இரண்டுமே உண்மை. ‘தேய்த்தவுடன் போய்விட்டதே’ என்று சொல்பவரை மறுக்க வேண்டியதில்லை, பத்து நாள் கழித்துக் கேட்டால் போதும். அதற்காக இந்த வேலை வீண் என்று ஆகிவிடாது. செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைச் சாலிசிலிக் அமிலம் இளக்குகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு விதிகள் பொடுகுக்கு 1.8 முதல் 3 சதவீதம் வரை அதை அனுமதிக்கின்றன. செதில் தடித்துக் கிடக்கும் தலையில் மருந்து ஷாம்பு தோலைத் தொடுவதே இல்லை, செதில் மேலேயே வழிந்து போகிறது. முதலில் செதிலை இளக்கி எடுத்துவிட்டு, பிறகு கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பை நுரைக்க வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வாரம் இருமுறை வீதம் சில வாரங்கள் தொடர்ந்தால் பலன் தெரியும். ஸ்கிரப் இங்கே உழவு மாதிரி. விதைப்பு வேறு வேலை.

அரப்பு இருக்கும்போது பார்லர் எதற்கு?

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, வரவும் வேண்டும். உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த அரப்புத்தூள், நுரைக்கும் சப்போனின் பொருளால் எண்ணெயை எடுக்கிறது. கொரகொரப்பான துகள்களால் செதிலையும் உரசி எடுக்கிறது. வெள்ளிக்கிழமை பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் எண்ணெய் தேய்த்து, அரப்பு போட்டுக் குளித்த வீடுகளில் ஸ்கால்ப் ஸ்கிரப் பெயரில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. நல்ல தலைக்கு இன்றும் அது போதும். ஆனால் அந்தக் குளியல், குளித்தபின் முடியை விரித்து உலர்த்த ஒரு பகல் இருந்த வாழ்க்கைக்கு உரியது. ஷிப்டுக்குப் போகும் பெண் இடுப்பு வரை உள்ள முடியை நனைத்தால் ஈரத்தோடு பின்னிக்கொண்டு வேனில் ஏற வேண்டும். அதனால் தலைக்குளியல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. இடைப்பட்ட ஆறு நாளும் வியர்வை, தேய்த்த எண்ணெய், துணியிலிருந்து பறக்கும் பஞ்சு எல்லாம் ஒன்றாகப் படிகின்றன. பொடுகு உள்ளவர் ‘தலை காய்ந்துபோச்சு’ என்று நினைத்து இன்னும் எண்ணெய் வைக்கிறார். காய்வதுபோலத் தெரிவது உண்மையில் செதில், எண்ணெய் போய்ச் சேருவது பூஞ்சையின் பந்தியில். பொடுகு இருக்கும் காலத்தில் எண்ணெயை நாள்கணக்கில் தலையில் ஊறவிடாமல், குளிப்பதற்குச் சற்று முன் வைத்துக் கழுவிவிடுவது நல்லது. புண்ணோ சிவப்போ உள்ள தலையில் அரப்புத் துகளும் உரசிக் காயப்படுத்தும். பழையது என்பதாலேயே மென்மையானது ஆகிவிடாது.

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. அது பொடுகை உண்டாக்குவதில்லை; ஆனால் பொடுகு மாதிரியே தெரியும். பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளிலிருந்து நேராகப் பார்லருக்கு வந்த தலையில் வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் செதில் என்று எடுத்துக்கொண்டால், சீப்பால் வாரினால் போகிற ஒன்றுக்கு அமிலம் வைத்ததாகும். அதேபோல் போர்வெல் உப்புத் தண்ணீரின் மேல் எல்லாப் பழியையும் போடும் வழக்கமும் இருக்கிறது. கடினநீரில் சோப்பு திரிந்து முடியில் பிசுக்காகப் படியும், முடி சொரசொரக்கும், சிக்கு விழும். வேரோடு முடியைக் கொட்ட வைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வது, விலை உயர்ந்த பல பாட்டில்கள் செய்வதைச் செய்துவிடும்.

முடி கொட்டுவதற்கு இது மருந்து அல்ல

ஸ்கிரப்பை விற்கும்போது சொல்லப்படும் பெரிய பொய் இதுதான்: அடைத்த துளை திறக்கும், முடி முளைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். அமிலமும் பிரஷ்ஷும் தொடும் இறந்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. முடியின் வேர்க்குமிழ் இருப்பதோ மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில். மேலே பெருக்கினால் கிணற்றில் ஊற்று பெருகாது. இருநூறு மடங்கு பெரிதாக்கும் கேமராவைத் தலையில் வைத்து, ஒவ்வொரு முடியைச் சுற்றியும் பளபளக்கும் எண்ணெயைத் திரையில் காட்டிப் பயமுறுத்தும் கடைகளும் உண்டு. அந்தக் கேமராவில் யார் தலையை வைத்தாலும் அப்படித்தான் தெரியும், கடைக்காரர் தலை உட்பட.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்தாக வருகிறதென்றால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் போய்க் கேட்க வேண்டும்: டெங்குக் காய்ச்சல் வந்ததா, பிரசவம் ஆனதா, சாப்பாட்டைக் குறைத்தார்களா? உடல் ஒரு பெரும் அதிர்ச்சியைச் சந்தித்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், சில மாதம் கழித்து ஒரே சமயத்தில் உதிரும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் இதே வரிசையில் வருபவை. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது ‘முடி கொட்டுது’ என்று பார்லர் நாற்காலியில் உட்காரும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு அது இருக்க வாய்ப்புண்டு. அவருக்குத் தேவைப்படுவது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை. அந்த இடத்தில் ஸ்கிரப்பை விற்பது பணத்தோடு மாதங்களையும் பறிக்கிறது. சட்டமும் இதை யோசித்திருக்கிறது: இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நிலைகளில் வழுக்கையும் புதுமுடி வளர்ச்சியும் இருக்கின்றன. மருந்துக்கே இல்லாத வாக்குறுதியைக் கழுவும் திரவத்துக்குக் கொடுக்க முடியாது.

வகிட்டில் தெரிவது

முடிதிருத்துவோரையே மருத்துவர் என்று அழைத்த மொழி தமிழ். புண்ணுக்கு மருந்து வைத்ததும் பிரசவம் பார்த்ததும் அந்தக் குடும்பங்களின் கைகள்தான். அந்தப் பழைய தொடர்பில் இன்றும் எஞ்சியிருப்பது ஒரு வசதி: நம் உச்சந்தலையை நாமே பார்க்க முடியாது, அவர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 203 சலூன்காரர்களிடம் எடுத்து 2011-ல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் சந்தேகத்துக்குரிய மச்சத்தைக் கண்டு வாடிக்கையாளரை ஒருமுறையாவது மருத்துவரிடம் போகச் சொன்னதாகக் கூறினார்கள். நம் ஊரில் பார்க்க வேண்டியவை வேறு. வழவழவென்று வட்டமாக முடி போன இடம் புழுவெட்டாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து கரும்புள்ளியாக நிற்பது பூஞ்சைப் படை. அதற்கு உள்ளே சாப்பிடும் மாத்திரைதான் வேண்டும், தேய்த்தால் சீப்பு வழியாக அடுத்த பிள்ளைக்கும் போகும். வெள்ளிப் பொருக்குபோல் தடித்து, நெற்றி விளிம்பைத் தாண்டி இறங்கும் செதில் சொரியாசிஸாக இருக்கலாம். காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் எழுதிவைத்தார். அந்தத் தலையில் அழுத்தித் தேய்ப்பது நெருப்பை விசிறுவது. உருவினாலும் வராமல் முடியோடு ஒட்டியிருப்பது ஈர். தட்டினால் விழுவது பொடுகு. காதோரம் முடி பின்வாங்கியிருந்தால் இறுக்கிப் பின்னும் சடையைத் தளர்த்தச் சொல்லலாம்.

பார்லர்காரர் டாக்டரா என்று கேட்பார்கள். நோயின் பெயரை அவர் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. “அக்கா, இந்த எடத்துல இன்னைக்கு எதும் போட வேண்டாமுங்க, ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டிருங்க” என்பதோடு அவர் வேலை முடிந்தது. இதனால் வியாபாரம் போகாதா என்பது இன்னும் நியாயமான கேள்வி. அன்றைய வரவு போகும், சந்தேகமில்லை. ஆனால் சிற்றூரில் ஒரு தலை புண்ணாகிப் போனால் அந்தச் செய்தி அடுத்த நாள் கம்பெனியின் ஒவ்வொரு மிஷினுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சொல்வதால் மட்டும் பலன் உண்டா என்றால், அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2018-ல் வெளியான லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு ஒன்று, 52 முடிதிருத்தகங்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களை எடுத்துக்கொண்டது. முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி மருத்துவரிடம் போகச் சொன்ன குழுவில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. கடைக்கே மருந்தாளுநர் வந்து மருந்து கொடுத்த குழுவில் 27 புள்ளி. வெறும் சொல்லுக்கும் ஒரு பலன் உண்டு, வழியும் காட்டினால் மும்மடங்கு. அவிநாசி அரசு மருத்துவமனையிலும், 2022-ல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் தோல் மருத்துவர் எந்த நாளில் பார்க்கிறார் என்பதைக் கேட்டுக் கண்ணாடி ஓரத்தில் எழுதி ஒட்டுவது, கேமரா வாங்குவதைவிட மலிவு.

செய்வதென்றால்

பார்த்தாயிற்று, தோல் முழுசாக இருக்கிறது, செதிலும் பிசுக்கும் மட்டுமே என்றால் தாராளமாகச் செய்யலாம். உப்புக்கல், சர்க்கரை, வால்நட் ஓட்டுத்தூள் போன்ற கூர்முனைப் பொடிகளைவிட, குறைந்த அளவு சாலிசிலிக் அமிலம் கலந்த, உற்பத்தியாளர் பெயரும் அளவும் அச்சிட்ட திரவம் பாதுகாப்பானது. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, வகிட்டில் தடவி, பாட்டிலில் சொன்ன நிமிடத்துக்கு மேல் விடாமல், நகம் படாமல் விரல்நுனிச் சதையால் சுழற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். ‘நல்லா அழுத்தித் தேய்ங்க’ என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் இங்கே பெரிய சோதனை. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டியதில்லை. தலைச்சாயம், ஸ்மூத்னிங் செய்யும் நாளில் கூடவே கூடாது: மேல் அடுக்கு மெலிந்த தோலில் சாயத்திலுள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் எளிதாக இறங்கி ஒவ்வாமையைக் கிளப்பும், ஒரு வாரமாவது இடைவெளி விடலாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த அமிலம் வேண்டாம்; கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். ஒருவருக்கு வைத்த துண்டு அடுத்தவருக்கு ஆகாது. பிரஷ்ஷில் சிக்கிய முடியை எடுத்து, சோப்பில் கழுவி, அதன்பின் கிருமிநாசினியில் போட வேண்டும். அழுக்கோடு போட்டால் கிருமிநாசினி வேலை செய்யாது. காய்ந்த இரத்தத்தில் மஞ்சள்காமாலை பி வைரஸ் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். இரத்தம் துளிர்த்த அளவுக்குத் தேய்த்தால் அது அழகு வேலையும் இல்லை.

இந்தப் பேச்சில் யாரும் நினைக்காத ஒரு தோல் இருக்கிறது. வாடிக்கையாளர் தலையில் மாதம் ஒருமுறை படும் அமிலம், தேய்க்கும் பெண்ணின் விரலில் ஒரு நாளைக்குப் பத்து முறை படும். விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்புமாகப் பார்லர் வேலையை விடுபவர்கள் உண்டு. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, கடை மூடும்போது தடவ ஒரு வாசலைன் டப்பா: ஸ்கால்ப் ஸ்கிரப்புக்கு விலை போடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.