மரக் கதவா? பிளாஸ்டிக் கதவா?

வெள்ளம் புகுந்த வீட்டுக்கு எது நல்லது?

ஆதிச்சநல்லூர்–

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை தாமிரபரணிக் கரை மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ.! இப்படித் தண்ணீர் புகுந்து வடிந்தால், அடுத்த தலைவலி கதவு. சாத்த முடியாது!

உடனே இழைக்காதீர்கள்

ஊறிய மரக் கதவை அவசரப்பட்டு இழைத்தால், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள். கதவின் அடி விளிம்புக்கும் பெயிண்டு அடியுங்கள். தண்ணீர் ஏறுவதே அங்கேதான்!

வைரம் பாய்ந்ததா?

புது மரம் வாங்கினால் வைரம் பாய்ந்ததா என்று பாருங்கள். வெளிறிய ஓரத்தைத்தான் கரையான் முதலில் தின்னும். "பர்மா தேக்கு" என்றதும் மயங்கி விடாதீர்கள். உருட்டு மர ஏற்றுமதிக்கு பர்மா 2014-லேயே தடை போட்டு விட்டது.

பிளாஸ்டிக் எப்படி?

யு.பி.வி.சி. கதவு ஊதாது. கரையான் அரிக்காது. ஆனால், உடைந்தால் மரம் போல ஒட்டுப்போட முடியாது. சட்டத்துக்குள் இரும்பு உண்டா, திருகாணி எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். கடலோர மாவட்டம், உப்புக் காற்று சும்மா விடாது!

குளியலறைக்கும் ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் போதும். தெருவாசலுக்கு வைரம் பாய்ந்த மரம்தான்!