கார் கொட்டகைக்குக் குளிர் வருமா?

கோவையில் பீளமேடு, சிங்காநல்லூர், கணபதிப் பக்கம் உள்ள பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் பக்கவாட்டில் சிமெண்ட் அட்டை வேய்ந்த கார் கொட்டகை ஒன்று இருக்கும். சில வீடுகளில் முன்புறத் திண்ணைக்குக் கம்பியும் கண்ணாடியும் வைத்து அடைத்து ஓர் அறையாக்கியிருப்பார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத அப்பத்தாவுக்கு அந்த இடத்தை அறையாக்கிக் கொடுக்கலாம் என்கிறார் அப்பா. "சித்திரை வெயிலில் அங்கே எப்படிப் படுப்பார்கள்?" என்று அம்மா கேட்கிறார். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு. வெப்பம் அவர்களை எளிதில் வீழ்த்திவிடும். ஆகவே அம்மாவின் கவலை நியாயமானதே. "ஒரு டன் ஏ.சி. வாங்கி மாட்டிவிட்டால் போச்சு" என்கிறார் அப்பா.

போச்சா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதனப் பொறி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. அறைக்குள் உள்ள குழாய்ச் சுருளில் ஒரு திரவம் தாழ்ந்த வெப்பநிலையில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை அமுக்கி, அதாவது கம்ப்ரஸர், அழுத்திச் சூடேற்றி வெளிச்சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகித் திரும்புகிறது.

தோட்டத்துக் கிணற்றில் தூர் வாரும்போது மோட்டார் வைத்து நீரை இறைப்பார்கள் அல்லவா? ஊற்று வேகமாக இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு மட்டும் வற்றாது. நம் அறையும் அப்படித்தான். மோட்டார் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன் ஊற்று எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

'ஒரு டன்' என்பது பொறியின் எடை அன்று. மின்சாரக் குளிர்பதனம் வருவதற்கு முன் உலகம் பனிக்கட்டியை நம்பியிருந்தது. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி இந்தியாவரை கொண்டுவந்து விற்றார்கள். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அதற்காகவே கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்பதனம். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோஜூல். பெருக்கி, 86,400 வினாடியால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 3500 வாட் வரும். அப்பா வாங்கப்போகும் மோட்டார் இவ்வளவுதான் இறைக்கும்.

இனி ஊற்றைப் பார்ப்போம். கொட்டகையின் நீளம் 5 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்போம். கூரையின் பரப்பு 15 சதுர மீட்டர். ஏப்ரல் மாத நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. பழையதாகிக் கருத்துப்போன சிமெண்ட் அட்டை அதில் பெரும்பகுதியை விழுங்கி 55 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. கீழே அறையை 26 டிகிரியில் வைத்திருக்க விரும்புகிறோம். இந்த நிலையில் அட்டை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் வீதம் கீழே இறக்குகிறது. 15 சதுர மீட்டருக்கு 3000 வாட்!

ஒரு டன்னில் மீதம் 500 வாட்டே. அப்பா, அம்மா, அப்பத்தா மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆளுக்குச் சுமார் 100 வாட் வெப்பம் விடுவார்கள். விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் 150 வாட். வெயில் படும் செங்கல் சுவர்கள் வழியாக இன்னும் 500 வாட் வரலாம். பொறி இப்போதே திணறுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காற்று 26 டிகிரிக்கு வந்துவிட்டாலும் தலை காந்தும். சூடான அட்டையிலிருந்து வெப்பக் கதிர்கள் காற்றைப் பொருட்படுத்தாமல் நேரே உடலுக்கு வருகின்றன. 'ஏ.சி. ஓடுகிறது, ஆனால் புழுங்குகிறது' என்று பலர் சொல்வதில் பாதி இதுதான்.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் கூரை மேல் தென்னந்தடுக்குப் பரப்புவார்கள், நீர் தெளிப்பார்கள். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலே இறங்கும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகும். கூரைக்குக் கீழே 5 செண்டிமீட்டர் தெர்மோகோல் போன்ற அரிதிற் கடத்தியை வைத்து அடியில் பொய்க்கூரை போட்டால், 3000 வாட் சுமார் 350 வாட்டாக இறங்கிவிடும். (தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். அதை வெறுமனே விடாமல் ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். பழைய சிமெண்ட் அட்டையில் கல்நார் இருக்கும். அதை அறுப்பதோ துளையிடுவதோ கூடாது.) இப்படிக் குறையும் வெப்பத்தை இறைக்க ஆகும் மின்சாரம், உச்சி வெயிலில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்கும் மேல் மிச்சம்.

அடுத்தது ஓட்டைகள். கொட்டகையின் சுருள் கதவுக்கு அடியிலும், அட்டையின் வளைவுகளுக்கு இடையிலும், கம்பி அடைப்பின் ஓரங்களிலும் காற்று தாராளமாக வந்துபோகும். அறைக் காற்று முழுவதும் மணிக்கு ஒரு முறை மாறினால், கோடையில் 250 முதல் 300 வாட் சுமை கூடும். ஓட்டைக் கொட்டகையில் காற்று மணிக்குப் பத்து முறைகூட மாறலாம். அப்படியானால் 2800 வாட்!

இந்தச் சுமையில் ஏறக்குறைய பாதி, காற்றோடு வரும் ஈரத்தை நீராக்கி வெளியேற்றவே செலவாகிறது. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீர் அதுதான். ஈரம் என்றதும் ஒரு செய்தி. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரே பஞ்சாலையில் பிறந்தது. வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் தாள் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத் தம் முறையை வகுத்தார். பஞ்சாலைகளில் காற்றுக்கு ஈரமூட்டும் வேலையில் இருந்த ஸ்டூவர்ட் கிரேமர் 1906-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். காற்று வறண்டால் பருத்தி நூல் அறுந்துபோகும். ஆகவே ஆலைக்குள் நீரைத் தூவி ஈரத்தைக் காப்பார்கள். 1888-இல் தோன்றிய ஸ்டேன்ஸ் மில் தொடங்கி ஆலைகளால் வளர்ந்த கோவைக்கு இது பழகிய கதை. ஆலையில் ஈரம் சேர்க்கிறோம். அப்பத்தாவின் அறையில் ஈரம் எடுக்கிறோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும்போது இரண்டும் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் போதும் என்பது என் கட்சி.

இப்போது கூட்டிப் பாருங்கள். கூரையையும் ஓட்டையையும் அப்படியே விட்டால் 6750 வாட். ஏறக்குறைய இரண்டு டன். கூரைக்குத் தடை போட்டு, காற்று மாற்றத்தை மணிக்கு இரண்டுக்குள் அடக்கினால் சுமார் 1850 வாட். அரை டன்னுக்குச் சற்றே மேல். அப்பா சொன்ன ஒரு டன் பொறி தாராளமாகப் போதும். அதன் வெளிப்பெட்டியை மட்டும் மூடிய தாழ்வாரத்துக்குள் வைக்க விடாதீர்கள். இறைத்த நீர் மறுபடியும் கிணற்றிலேயே விழும். கொட்டகை விளக்குக்குப் போட்ட பழைய மின்கம்பியும் உதவாது. தனிக் கம்பியும் நில இணைப்பும் தேவை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அறையான பிறகு அங்கே ஸ்கூட்டரையோ காரையோ நிறுத்தி எஞ்சினை ஓடவிடக் கூடாது. சாதாரண வீட்டு ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கி இறந்துபோகலாம். கரி நெருப்புக்கும் இதே தடைதான். ஓட்டைகளை அடைத்த அறையில் தினமும் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம்.

வரும் கோடையில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானி கேட்டு வாங்குங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அட்டையின் அடிப்பக்கத்தை ஒட்டி, கட்டில் உயரத்தில், வெளியே மர நிழலில் என்று மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பெரியவர்கள் துணையோடு கூரையில் தென்னந்தடுக்குப் போட்டுவிட்டு அதே நேரத்தில் மறுபடி அளவுங்கள். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு ஓரங்களில் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கெல்லாம் சாய்கிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போடுங்கள். அப்பா கடைக்குப் புறப்படும்போது அந்தத் தாளை அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.