கோயிலா, டாக்டரா? மனசு உடையும்போது எங்கே போவது

நீங்க அனுப்புற வாய்ஸ் நோட்கள்ல ஒரே கேள்வி வேற வேற குரல்ல வந்துக்கிட்டே இருக்கு. தம்பி ரூமை விட்டு வெளியே வர்றதில்லை. அம்மா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றாங்க. நான் சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போகணும்னு சொல்றேன். வீட்ல தினமும் சண்டை. சில வீட்ல கோயிலுக்குப் பதிலா பாஸ்டர், சில வீட்ல தர்கா. சண்டை மட்டும் ஒண்ணுதான்.

இந்த எபிசோட்ல நான் யார் பக்கமும் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. ஆன்மிக ஆலோசனை எங்க வேலை செய்யுது, எங்க ஆபத்தாகுது, அதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது, இதை மட்டும் பேசலாம்.

முதல்ல இங்கிலாந்துக்குப் போவோம். 1935. சாட் வாரா ஒரு இளம் ஆங்கிலிக்கன் குரு. அவர் நடத்தின முதல் இறுதிச் சடங்கு ஒரு டீன் ஏஜ் பொண்ணோடது. அந்தப் பொண்ணுக்கு மாதவிடாய் ஆரம்பிச்சிருக்கு. அது என்னன்னு சொல்லித்தர ஆளில்லை. ஏதோ பால்வினை நோய்னு பயந்து, தன் உயிரை எடுத்துக்கிட்டா. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள். வெட்கப்படாம கேட்கிறதுக்கு ஒரு ஆள். அந்தச் சாவு வாராவை விடவே இல்லை.

18 வருஷம் கழிச்சு, 1953 நவம்பர்ல, லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்துல அவர் ஒரு போன் லைன் ஆரம்பிச்சார். தற்கொலை எண்ணத்துல இருக்கிற யார் வேணும்னாலும் கூப்பிடலாம். கூப்பிட்டாங்க. நேர்லயும் வந்தாங்க. அவரைப் பார்க்கக் காத்திருந்தவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, பேச்சுத் துணையா உட்கார சில தன்னார்வலர்கள் இருந்தாங்க. சீக்கிரமே வாரா ஒண்ணைக் கவனிச்சார். டீ குடிச்சுக்கிட்டே மனசு விட்டுப் பேசினவங்கள்ல பல பேருக்கு, அதுக்கப்புறம் உள்ளே வந்து அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.

அவர் இடத்துல வேற யாராவது இருந்தா மனசு சுருங்கியிருக்கும். அவர் 1954-லயே அந்த வேலையைத் தன்னார்வலர்கள் கையில கொடுத்துட்டார். அதுதான் இன்னைக்கு 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு. ஒரு குரு ஆரம்பிச்சதுதான், ஆனா கூப்பிடுறவங்ககிட்ட மதம் பேசக் கூடாது. இதே வழியில வந்த சர்வதேச வலையமைப்போட சேர்ந்ததுதான் நம்ம சென்னையில 1986-ல மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கின 'சினேகா'.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கிறது இதுதான்: மனசு உடைஞ்சு வர்றவருக்கு முதல்ல வேண்டியது பதில் இல்லை, கேட்கிற காது. இதைக் கொடுக்கிற இடமா நம்ம ஊர்ல கோயிலும் சர்ச்சும் தர்காவும் காலங்காலமா இருக்கு. அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம். அங்க போனா யாரும் 'பைத்தியமா'ன்னு கேட்க மாட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு. குழந்தையைப் பறிகொடுத்தவங்க 'ஏன் எனக்கு மட்டும்?'னு கேட்பாங்க. தப்புப் பண்ணினவர் 'எனக்கு மன்னிப்பு உண்டா?'னு கேட்பார். இதுக்கு மாத்திரை கிடையாது. நம்பிக்கை இருக்கிறவருக்கு, அந்த நம்பிக்கையோட மொழியிலேயே பேசத் தெரிஞ்ச ஒருத்தர் ரொம்பப் பெரிய துணை.

ஆனா இதோட மறுபக்கம் நம்ம மண்ணிலேயே நடந்திருக்கு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோய் குணமாகும்னு நம்பி, தூரத்து ஊர்கள்லேர்ந்தெல்லாம் தர்காவுக்குக் கூட்டிட்டு வருவாங்க. அவங்களைத் தங்க வைக்கிறதுக்காகச் சுத்தி தனியார் காப்பகங்கள் முளைச்சது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில அப்படி ஒரு காப்பகத்தோட கொட்டகையில தீப்பிடிச்சது. உள்ளே இருந்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியலை. 28 பேர் இறந்துபோனாங்க.

அவங்களைக் கொன்னது பிரார்த்தனை இல்லை. சங்கிலி. 'இங்கேயே இருந்தா போதும், வேற எங்கேயும் போக வேண்டாம்'ங்கிற நினைப்பும் அந்தச் சங்கிலியில ஒரு கண்ணிதான். இன்னைக்கு, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மனநோய் உள்ள யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது.

அப்போ வழி? குஜராத்துல உனாவாங்கிற ஊர்ல இருக்கிற மீரா தாதார் தர்காவுல ஒரு திட்டம் வந்தது. பேரு 'தவா, துவா'. தவான்னா மருந்து, துவான்னா பிரார்த்தனை. மக்கள் எங்க வர்றாங்களோ அங்கேயே மனநல மருத்துவர் உட்காருவார். தொழுதுட்டு வந்து மாத்திரை வாங்கிட்டுப் போகலாம். பிறகு ஏர்வாடி தர்காவுக்கும் அந்த முறை வந்தது. ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தலை.

சரி, உங்க வீட்ல ஒருத்தரை ஒரு குருக்கள், பாஸ்டர், சாமியார், ஹஜ்ரத் யார்கிட்ட கூட்டிட்டுப் போனாலும் மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, அவர் கேட்கிறாரா, இல்ல வந்த உடனே பிரசங்கம் ஆரம்பிக்கிறாரா? 'உன் பாவம்தான் காரணம், உனக்கு விசுவாசம் பத்தலை'னு சொன்னா எழுந்து வந்துடுங்க. மன அழுத்தத்துல இருக்கிறவர் ஏற்கெனவே தன்னைத்தானே திட்டிக்கிட்டுதான் இருப்பார்.

ரெண்டு, டாக்டர்கிட்ட போகச் சொல்றாரா? இதுதான் எனக்கு முக்கியமான சோதனை. 'மாத்திரையை நிறுத்து'னு சொல்றவர்கிட்ட ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. தூக்கமே இல்லை, இல்லாத குரல் கேட்குது, சாகணும்னு பேசுறார்னா, அதைக் கேட்ட உடனே மருத்துவரிடம் அனுப்புறவர்தான் நல்ல ஆன்மிக ஆலோசகர்.

மூணு, அடி, கட்டி வைக்கிறது, பட்டினி, பெரிய தொகை, தனியா விட்டுட்டுப் போங்கங்கிற பேச்சு. இதுல ஒண்ணு இருந்தாலும் அது ஆலோசனையே இல்லை.

அம்மாகிட்ட எப்படிப் பேசுறது? 'மூடநம்பிக்கை'ங்கிற வார்த்தையில ஆரம்பிக்காதீங்க. அவங்களும் பயந்துபோய்தான் இருக்காங்க. 'வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம்மா, நானும் வர்றேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம், நீயும் வா'ன்னு சொல்லிப் பாருங்க. ஆனா உயிரைப் பத்தின பேச்சு வந்தா, வெள்ளியும் வேண்டாம், திங்களும் வேண்டாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இதைக் கேட்கிற உங்களுக்கே இப்போ தாங்க முடியாம இருந்தா, 14416-க்குக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும், இலவசம், தமிழ்லயே பேசலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.