உங்களுக்குத் தெரியுமா? கல்லுப்பும் தைராய்டும்

கழுத்தின் முன்பக்கமுள்ள தைராய்டு சுரப்பி, தன் ஹார்மோன்களை ஆக்கத் தேவையான அயோடின் என்னும் தனிமத்தை உணவிலிருந்தே பெறுவதால், அயோடின் நெடுநாள் குறையுமானால் சுரப்பு மந்தப்பட்டு (இதுவே ஹைப்போதைராய்டிசம்) களைப்பும் மலச்சிக்கலும் உடல் எடை ஏற்றமும் தோன்றுகின்றன.

அயோடின் என்றதும் உப்பு நினைவுக்கு வரும். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தஞ்சை வழியே நடந்து வந்தோர் உப்பு அள்ளிய வேதாரண்யம், இன்றும் காவிரிப் படுகையின் உப்பளப் பூமியாகவே விளங்குகிறது. ஆயினும் கடல்நீரில் விளைவதால் கல்லுப்பில் அயோடின் மிகுந்திருக்கும் என்ற நம்பிக்கை சரியன்று. கடல்நீரில் அயோடின் இருப்பதே மிகச் சொற்பம். பாத்தியில் உப்பு படியும்போது அதிலும் பெரும்பகுதி, எஞ்சி நிற்கும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவேதான் பொட்டாசியம் அயோடேட் என்னும் சேர்மம் பின்னர் உப்பின்மீது தெளிக்கப்படுகிறது. நுகர்வோர் வாங்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினேனும் இருத்தல் வேண்டும். 2018–19 தேசிய ஆய்வில் இவ்வளவு அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடே; உப்பு உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் கடைசியில் நின்றது வியப்புக்குரியது.

எனினும் அயோடின் போதுமான அளவு கிடைப்போரிடம் ஹைப்போதைராய்டிசத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது, நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்தச் சுரப்பியையே தாக்கும் ஹஷிமோட்டோ நோயாகும். அதனை உப்பு தீர்க்காது, லெவோதைராக்சின் மாத்திரையே சுரப்பின் குறையை ஈடுசெய்யும். சமைத்து அளவோடு உண்ணும் முட்டைக்கோஸை இந்நோயாளிகள் அஞ்சவேண்டியதில்லை. உண்மையில் கடினமான பத்தியம், விடிந்ததும் டிகிரி காபி தேடும் கும்பகோணத்தாருக்கே வாய்த்தது. காபி இம்மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கியபின் அரைமணி முதல் ஒருமணி நேரமேனும் காத்திருக்கவேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கோ 4 மணி நேர இடைவெளி தேவை.