ஒரு முற்றம், இரண்டு லைசென்சு

கெலவரப்பள்ளிப் பக்கம் பூர்வீக மனைகளில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். முன்னால் பெரிய வீடு. பின்னால் மணமான மகனுக்கென்று கட்டிய சிறு வீடு. பட்டா ஒன்று, முற்றம் ஒன்று, அடுப்பு மட்டும் இரண்டு. இத்தகைய இடத்தில் தொலைக்காட்சிக்கு லைசென்சு எடுக்கச் சொன்னால், எத்தனை எடுப்பது?

நம் நாட்டில் இன்று அந்தக் கவலை இல்லை. 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் லைசென்சு இன்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பதையே தடுத்தது. பின்னர் தொலைக்காட்சிக்கும் அது பொருந்தியது. தபால் நிலையத்தில் ஆண்டுக்கு வானொலிக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய் கட்டிய கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். 1985-இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் 2011-இல் ஒழிந்தது.

ஆனால் பிரிட்டனில் இன்றும் உண்டு. செவிலியராகவும் மாணவியராகவும் நம் பெண்கள் அங்கே செல்வதால், அதன் விதியை நாம் அறிந்து வைப்பது நல்லது.

அங்கே லைசென்சு ஆளுக்கும் அல்ல, பெட்டிக்கும் அல்ல, குடியிருப்புக்கு. ஒரே வீட்டில் ஐந்து பெட்டி இருந்தாலும் ஒன்று போதும். தோட்டத்துப் பின்கட்டு தனிச் சமையலறை, குளியலறையுடன் தனிக் குடித்தனமாக அமைந்துவிட்டால் அதற்குத் தனி லைசென்சு வேண்டும். மனை யார் பெயரில் இருக்கிறது, குடியிருப்பவர் மகளா மருமகளா என்று சட்டம் பார்ப்பதில்லை. நம் ஊரில் ரேஷன் கார்டுக்குத் தனிச் சமையலைப் பார்ப்பது போலத்தான் இதுவும்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. 75 வயது கடந்து, அரசின் ஓய்வூதிய உதவித்தொகை பெறும் குடும்பத்துக்கு லைசென்சு இலவசம். பாட்டியின் வீட்டிலேயே வசிக்கும் பேத்திக்கும் அது செல்லும்; பின்கட்டில் தனிக் குடித்தனம் செய்யும் மகனுக்குச் செல்லாது.

வாடகை அறைகளில், எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் ஒரு லைசென்சு. அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் பொதுவாக ஒவ்வொருவருக்கும் ஒன்று. விடுதியில் தங்கும் மாணவி, தன் பெற்றோர் அந்நாட்டிலேயே லைசென்சுடன் வசித்தால், கைப்பேசியில் பார்க்கலாம். அப்போது அது பேட்டரியில் மட்டுமே இயங்க வேண்டும். சார்ஜரைச் சுவரில் செருகியபடி பார்த்தால் அந்தச் சலுகை கிடையாது. விந்தையான விதிதான்!

மீறினால் 1,000 பவுன் வரை அபராதம். அதுவும் குற்றவியல் நீதிமன்றத்தில். அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்தில் இதற்காகத் தண்டிக்கப்பட்டோரில் நால்வருக்கு ஏறக்குறைய மூவர் பெண்கள். பெண்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பதல்ல காரணம். அலுவலர் கதவைத் தட்டும்போது வீட்டிலிருந்து பதில் சொல்பவர் பெரும்பாலும் பெண்ணே. கணவர் பெயரில் வீடு இருக்கும்; வழக்கு மனைவி பெயரில் வரும்.

நேரடி ஒளிபரப்பும் பி.பி.சி.யின் ஐபிளேயரும் பாராதவர்களுக்கு லைசென்சே தேவையில்லை. அதை முன்கூட்டியே அறிவித்துவிடலாம். வீடு மாறுகிறவர்கள் பழைய லைசென்சைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரிய வீட்டிலிருந்து பின்கட்டுக்குப் போவதும் முகவரி மாற்றமே.